நாய் குறுக்க வந்துச்சா அப்பி?

இருலே அப்பி. பைய இரு. திண்ணைத் தூணு அங்கதான் நிக்கு. நேத்தும் அங்கதான் நின்னுது. பொறவு "தூணு குறுக்க வந்துச்சு பாட்டா"ண்ணு எங்கிட்ட சொல்லப்பிடாது, கேட்டியா.

ஒனக்க அம்ம வெளுப்பாங்காலம் வந்து ஒருபாடு அழுதிட்டுப் போனா. நீ லாரி ஓட்டப் போறியாம். "ரெண்டு டயறுலயே மூணு தடவ விழுந்தவன், பத்து டயறுல எத்தன தடவ விழுவான்?"ண்ணு கேக்கா. நான் சமாதானம் சொன்னேன்: "பிள்ளே, பத்து டயறு வண்டி அப்பிடி ஒண்ணும் விழாது. மத்தவியதான் விழுவாவ. நீ பயப்படாத." அதுக்குப் பொறவுதான் அவளுக்க அழுக கூடிச்சு. நல்லது சொன்னாலும் ஏக்க ஆளில்லாத காலம்.

செரி, ஒனக்க சரித்திரத்த மொதல்ல எடுப்போம். ஒண்ணாமத்தது உச்சக்கடையில. பதினாறு வயசு, சேக்காளிக்க பைக்கு. நாய் குறுக்க வந்துச்சு. ரெண்டாமத்தது அயிராவில. மழ பெய்ஞ்சுது. மூணாமத்தது செங்கவிளையில, கரண்டு போஸ்டு. அந்தப் போஸ்டு நான் வாலிபனா இருந்த காலத்திலயே அங்கதான் நிக்கு. நான் அறிஞ்ச வரை ஒருத்தனையும் முட்டப் போனதில்ல. ஒன்னக் கண்டப்பம் மட்டும் எறங்கி வந்திருக்கு. ஆக, நாய் குத்தவாளி, மழ குத்தவாளி, கரண்டாப்பீசு குத்தவாளி. மூணு கேசிலயும் நீ வெறும் சாட்சி.

அந்த நாய்க்கு நீ ஒரு கும்பிடு போடணும். ஏண்ணா அது ஸ்டேசனுக்குப் போகல்ல. 2019 செப்டம்பர்ல மோட்டார் சட்டம் மாறிச்சே, அறிவியா? பதினெட்டு தெகயாத்த பய வண்டியோட மாட்டினா, அப்பனுக்கோ வண்டிக்காரனுக்கோ 3 வருசம் வரை செயிலு, 25,000 ரூவா பெழ, வண்டிக்க ரிஜிஸ்திரேசன் ஒரு வருசத்துக்கு ரத்து. பயலுக்கு 25 வயசு வரை லைசென்சு கெடையாது. அன்னைக்கி எழுதியிருந்தா, இப்பம் இருவது வயசில லாரியப் பத்திப் பேச நீ இஞ்ச வந்திருக்க மாட்டே. இன்னும் அஞ்சு வருசம் எனக்க கூட இருந்து வெத்தல இடிச்சிருப்பே.

இந்த லாரிப் பித்து ஒனக்கு எங்கேருந்து வந்துதுண்ணு எனக்குத் தெரியும். எல்லாம் விழிஞ்ஞம் கடல்ல இருந்து வீசுன காத்து. முக்கோலயில இருந்து நம்ம காரோடு வரை 16 கிலோமீட்டர், காங்கிரீட்டுல ரோடு போட்டு நம்ம பொறவாசல்ல கொண்டு நிறுத்திட்டாவ. 2024 சூலையில சீனாவுல இருந்து சான் பெர்னாண்டோண்ணு கப்பலு வந்துது. 2025 மே 2-ஆம் தேதி பிரதம மந்திரி வந்து தொறமுகத்த நாட்டுக்குக் குடுத்தாரு. அடுத்த மாசம் எம்எஸ்சி ஐரினா வந்துது, இருவதடிப் பெட்டிக் கணக்குக்கு 24,346 பெட்டி கொள்ளுமாம். அண்ணைக்கி ராத்திரியே நீ தீர்மானிச்சிட்டே, அத்தனையையும் நீயே ஏத்தி எறக்கிரலாம்ணு. அந்த சான் பெர்னாண்டோ சீனாவுல இருந்து ஒரு போறலும் இல்லாம வந்து சேந்துது. நீ உச்சக்கடையில இருந்து வீட்டுக்கு முழுசா வந்து சேரல்ல. இருந்தாலும் ஆசைக்கு டோல் இல்ல, ஆசப்படு.

"பாட்டா, நீரு வளையம் பிடிச்சவரா? ஒமக்கு என்ன தெரியும்?"ண்ணு மனசில கேக்கே. வாய் தொறந்தும் கேக்கலாம். நான் வண்டி ஓட்டினவனில்ல மக்கா. லோடு ஏத்துனவன். பாறசாலையிலயும் களியக்காவிளை சந்தையிலயும் இந்தத் தோளுல ஏறாத சாதனம் இல்ல. வாழக்கொல, மரச்சீனி, சிமெண்டு, ஓடு. ஓட்டுனவனுக்கு அவன் வண்டி மட்டும்தான் தெரியும். சுமட்டுக்காரனுக்கு ஒக்க டிரைவர்மாரையும் தெரியும். வண்டி ரிவர்சு எடுத்துக் கடைக்க நடையில ஒட்டி நிக்குறதுக்குள்ள, இவன் பத்து வருசம் இருப்பான், இவன் பத்து மாசம் இருப்பாண்ணு நாங்க சொல்லுவோம். இந்தப் பொறத்தில அப்பிடி சும்மா நோக்கிட்டு நின்னதுக்கும் ஒரு காலத்தில நோக்குகூலி உண்டும். 2018 மே 1-ஆம் தேதியோட சர்க்காரு அத நிறுத்திச்சு. அதனால இப்பம் ஒன்ன நான் நோக்குறது இனாம். மரியாதையா கேட்டுக்கோ.

கடலாசுக் காரியம் மொதல்ல. டிரான்ஸ்போர்ட்டு வண்டிக்கு 20 வயசு ஆகணும், ஒனக்கு ஆச்சு. கார் லைசென்சு எடுத்து ஒரு வருசம் தெகஞ்சிருக்கணும், அதும் ஆச்சு. எட்டாங்கிளாசு பாசாகணும்ணு பழைய சட்டத்தில இருந்துது. 2019ல அத எடுத்துக் களஞ்சாவ. ஒனக்க மார்க்கு லிஸ்டு டெல்லி வரை போயி அவிய மனசு எளகிட்டுதுண்ணு நெனைக்கேன். டிரைவிங் பள்ளிக்கூடத்தில 30 நாளுக்கு கொறயாத படிக்கணும், அதில 15 மணிக்கூறு வளையத்தில இருக்கணும். திருவனந்தபுரம் அட்டக்குளங்கரையில 2024ல கேஎஸ்ஆர்டிசிக்காரனே பள்ளிக்கூடம் தொறந்தான், தொடங்குனப்பம் ஹெவிக்கு 9,000 ரூவா. எடப்பாளுல சர்க்காருக்க பயிற்சி நிலையம் உண்டு. அங்கோட்டுண்ணா நாமக்கல்லுல அசோக் லேலண்டு நடத்துகது உண்டு. எங்கயாவது போயி ஒழுங்காப் படி. ஒனக்க சேக்காளி ஒருத்தன் ரப்பர் வெளையில வச்சு பழைய டிப்பர்ல சொல்லித் தருவாண்ணு சொன்னியே, அந்த ரப்பர் மரங்க ஒண்ணும் இன்சூரன்சு எடுக்கல்ல.

பொறவு இன்னொரு புத்தி ஒனக்கு ஓடும், எனக்குத் தெரியும். இஞ்ச வல்ல சிக்கலும் வந்தா களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டத்தில போயி எடுத்திரலாம்ணு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கோடு கிழிச்சப்பம் வெளவங்கோட்ட அங்கோட்டும் நெய்யாற்றின்கரைய இங்கோட்டும் வச்சாவ. அண்ணைக்கி முதல் நம்ம ஆளுவளுக்கு ஒரு புத்தி, அங்க முடியாதது இங்க முடியும், இங்க முடியாதது அங்க முடியும்ணு. அரிசிக்கு முடிஞ்சுது, சாராயத்துக்கு முடிஞ்சுது. லைசென்சுக்கு முடியாது. கேஎல் 19-ம் டிஎன் 75-ம் இப்பம் சாரதிண்ணு ஒரே கம்ப்யூட்டருக்க பிள்ளைய. இஞ்ச சஸ்பெண்டு பண்ணுனது அங்கயும் தெரியும்.

செரி, பழைய விழுச்ச எல்லாம் தடையாகுமாண்ணுதானே கேக்கே? பைக்குல விழுந்து முட்டு பேந்ததுக்கு ஆர்டிஓ ஆப்பீசில புஸ்தகம் கெடையாது. கேசு ஆனாத்தான் காரியம். ஆபத்தா ஓட்டுனதுக்கு ஒருக்க தண்டன வாங்குனவன் மேல, பின்னயும் ஆளு செத்தோ பலத்த காயம் பட்டோ கேசு வந்தா, லைசென்சு 6 மாசத்துக்கு நின்னு போவும். ஒனக்கு அந்த ராசி இல்ல. அமெரிக்காவிலண்ணா டிரைவருக்க 5 வருசத்து ஆக்சிடெண்டு கணக்க வேல குடுக்கிற கம்பெனிக்காரன் வாங்கிப் பாக்கலாம். இஞ்ச மூணாங்கட்சி இன்சூரன்சுக்க பிரீமியமே லாரிக்க எடயப் பாத்துத்தான், டிரைவருக்க மூஞ்சியப் பாத்தில்ல.

ஒடனே பல்லக் காட்டாத. கம்ப்யூட்டர்ல இல்லாதது சாயக்கடையில உண்டு. லாரி மொதலாளி பொட்டனில்ல. சாவி குடுக்கதுக்கு முன்ன உச்சக்கடையில எறங்கி ஒரு சாயா சொல்லுவான். சாயா ஆறதுக்குள்ள நாய், மழ, போஸ்டு மூணும் அவன் காதுல விழும், தேதியோட. அவனுக்கு அதில காரியம் இருக்கு. லைசென்சு செரியில்லாத்தவன் கையில வண்டியக் குடுத்து ஆளு பட்டா, இன்சூரன்சுகாரன் பட்டவனுக்கு காசு குடுத்திட்டு, நேர மொதலாளிக்க வீட்டுக்கு வந்து வசூல் பண்ணுவான். கோர்ட்டே அப்பிடி சொல்லும். அதனால அவன் ஒங்கிட்ட கேப்பான்: "லே, எப்பிடி விழுந்தே?"

அந்த எடத்திலதான் ஒனக்க பொழப்பு இருக்கு. "நாய் குறுக்க வந்துச்சு"ண்ணு சொன்னியோ, கத முடிஞ்சுது. ஏண்ணு கேளு. இஞ்ச இருந்து கோயம்பேடு போற வழியில எத்தன நாய் கெடக்கு? ஆடு, மாடு, ஹெல்மெட்டு போடாத்த அப்பூப்பன், போனு பாத்து நடக்கிற பிள்ளைய, நடு ரோட்டில பைக்க நிறுத்தி கலியாணம் பேசுகவன். எல்லாம் குறுக்கதான் வரும். குறுக்க வாறதுக்காகத்தான் டிரைவர்ண்ணு ஒருத்தனுக்குச் சம்பளம். ஒண்ணும் குறுக்க வரல்லண்ணா லாரி அதுபாட்டுக்குப் போயிருமே, ஒன்ன எதுக்கு? "வளைவுல அறுவதுல போனேன் மொதலாளி, முப்பதுல போயிருக்கணும்"ண்ணு சொல்லு. விழுந்தவன வேலைக்கு எடுக்க ஆளுண்டு. ஏன் விழுந்தேண்ணு தெரியாத்தவன எடுக்கத்தான் ஆளில்ல.

சாவி கெடைச்சாலும் நேர போயி பத்து டயறுல ஏறாத. 2024 நவம்பர் 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அஞ்சு சட்சிமாரு இருந்து சொல்லியிருக்கு: கார் லைசென்சு இருந்தாப் போதும், மொத்த எட 7,500 கிலோவுக்கு உள்ள நிக்கிற சரக்கு வண்டி ஓட்டலாம். அதனால குட்டி யானையில தொடங்கு. களியக்காவிளை சந்தையில இருந்து வாழக்கொல ஏத்தி பூவாறு வரை போ. ரெண்டு பொறமும் மதிலு, நடுவில ஒரு ஆளு சரிஞ்சு போற எடவழியில ரிவர்சு எடு. ஒரு வருசம். கொலையில ஒரு காயும் நசுங்காம எறக்கிக் குடுத்தியண்ணா, பொறவு லாரியில ஏறு. அப்பமும் எடது பொறம், கிளீனரா. மொகம் சுளியுதா? தார்ப்பாய் கட்டத் தெரியாம, டயறத் தட்டி சத்தத்தில காத்து அறியத் தெரியாம, வளையம் பிடிச்சு ஸ்டேட்டஸ் போட்டவியள ஒருபாடு கண்டிருக்கேன். அவனுவ போட்டோ இப்பமும் நல்லாத்தான் இருக்கு. வண்டிதான் இல்ல.

பத்து டயறுண்ணா என்னண்ணு நெனைச்சே? மூணு அச்சு வண்டிக்கு சரக்கும் சேந்து 28.5 டன்னு வரை சட்டம் சம்மதிக்கும். 2018 வரை 25ஆ இருந்துது. அதுக்கு மேல ஏத்துனா 20,000 ரூவா, பொறவு கூடுற டன்னு ஒண்ணுக்கு 2,000ண்ணு சட்டம். நாப்பதுல போறப்பம் பிரேக்கு சவுட்டினா இம்புட்டு தூரத்தில நிக்கும்ணு வை. எம்பதுல போனா ரெண்டு மடங்கில நிக்கும்ணுதான் நீ நெனைப்பே. நாலு மடங்கு ஓடும். பள்ளிக்கூடத்தில வாத்தியாரு சொன்னதுதான், நீ அன்னைக்கி பைக்கில போயிருப்பே. ஆரியங்காவு எறக்கத்தில டீசல் மிச்சம்ணு கியற எடுத்து நியூட்ரல்ல உருட்டாத. ஏறுன கியறிலதான் எறங்கணும். காத்துப் பிரேக்க சவுட்டிச் சவுட்டி எறங்குனா காத்தும் கொறயும், டிரம்மும் காயும், கீழ எத்துகப்பம் பிரேக்கு இருக்கும், பிடி இருக்காது. ஆரல்வாய்மொழியில ஆடிக்காத்து அடிக்கப்பம் காலி வண்டிய பக்கத்தில இருந்து தள்ளும். அங்க நீ நாயச் சொல்ல முடியாது. காத்தச் சொல்லுவியா இருக்கும்.

இனி சொல்லப் போறது மட்டும் வெளையாட்டில்ல. 2024 மார்ச்சில முக்கோலயில, தொறமுகத்துக்கு கல்லு கொண்டு போன டிப்பர்ல இருந்து ஒரு கல்லு தெறிச்சு, ஸ்கூட்டர்ல போன ஒரு பய மேல விழுந்துது. பல்லு டாக்டருக்குப் படிச்ச பிள்ள. போயிட்டான். அந்த டிப்பரு அவன முட்டல்ல, கேட்டியா. வளையத்தப் பாத்துட்டு இருந்தா மட்டும் போதாது. பொறத்த என்ன கெடக்கு, எம்புட்டு கூம்பிக் கெடக்கு, மூடியாச்சா, கட்டியாச்சா, அது ஒக்க டிரைவருக்க கணக்கு. லோடு ஏத்துனவன் சொல்லுகேன்: "கொஞ்சம் கூட போடு, ஒண்ணும் ஆகாது"ண்ணு சொல்லுகவன் ஒருத்தனும் அந்த வண்டியில ஏற மாட்டான்.

அதனால நம்ம பக்கத்தில டிப்பருக்கு ஆளு தேவண்ணு எப்பமும் கூப்பிடுவாவ, ஒடனே ஓடாத. வேல எளுப்பம் கெடைக்கும். ஆனா ஓட்டத்துக்கு இம்புட்டுண்ணு கூலி. ஓட்டம் கூடுனா காசு கூடும், காசு கூடணும்ணா கால் அமரும். ஸ்கூல் நேரத்தில டிப்பரு ஓடப்பிடாதுண்ணு தடையும் உண்டும், அந்த நட்டத்தயும் அவன் மத்த நேரத்தில ஓடித்தான் பிடிப்பான். மீன் வண்டியும் வேண்டாம். பொழியூரு மீனுக்கு விடியதுக்கு முன்ன சந்தையில எத்தணும். தோவாளப் பூவும் வேண்டாம், வாடுறதுக்குள்ள போணும். ஒனக்கு ஏத்தது சிமெண்டு, கம்பி, ஓடு, அரிசி. இண்ணைக்கி போயி நாளைக்கி எத்துனா அது கெட்டுப் போகாது, மொதலாளியும் போனுல கெடந்து கூவ மாட்டான். நீ வேகக்காரண்ணு ஒனக்க அம்ம சொல்லுகா. நான் அப்பிடிச் சொல்ல மாட்டேன். வேகம் பாதி கால்ல இருக்கும், பாதி சரக்குல இருக்கும். கால ஒனக்கு இப்பம் மாத்த முடியாது. சரக்க மாத்தலாமே? கையில பத்து வருசத்து நெதானம் வந்த பொறவு மீனோ பூவோ ஏத்து, நானே ஏத்தித் தாறேன், உயிரோட இருந்தா.

ஒறக்கக் காரியம். ஒரு நாளைக்கி 8 மணிக்கூறு வேல, தொடந்து 5 மணிக்கூறு ஓட்டுனா அர மணிக்கூறாவது எளைப்பாறணும்ணு 1961லயே சட்டம் எழுதியாச்சு. லாரி ஆப்பீசுகளுக்கு அந்தத் தபால் இன்னும் எத்தல்ல. 2025 அக்டோபர் முதல் உண்டாக்குன லாரியில டிரைவருக்கு ஏசி கட்டாயம். நல்ல காரியம்தான், ஆனா குளிருல நல்ல ஒறக்கம் வரும், ஓரம் கட்டிட்டு ஒறங்கு. குடியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல்ல. 100 மில்லி ரத்தத்தில 30 மில்லிகிராமுக்கு மேல இருந்தா மொத தடவையே 10,000 ரூவா பெழயோ 6 மாசம் வரை செயிலோ, இல்லண்ணா ரெண்டும் சேந்தோ. நம்ம ஊருக்கு ஒரு சொகம், அங்கோட்டும் கடை, இங்கோட்டும் கடை. ரெண்டு மாநிலமும் சேந்துதான் ஒனக்க பெழயக் கட்டித் தருவாவளாண்ணு கேட்டுப் பாரு.

எல்லாத்தயும் மீறி ஒரு நாள் வல்லதும் ஆயிப்போனா, ஓடாத. நமக்கு எல்லை பக்கம், பத்து சவுட்டு நடந்தா வேற மாநிலம், அதனால ஓடத் தோணும். பட்டவன ஆசுபத்திரியில எத்திக்கணும், 24 மணிக்கூறுக்குள்ள போலீசுல சொல்லணும், சட்டம் அப்பிடித்தான். ஆளுகூட்டம் அடிக்க வருதுண்ணு கண்டா வண்டிய விட்டிட்டு நேர ஸ்டேசனுக்குப் போ, வீட்டுக்குப் போகாத. புதிய சட்டத்தில, ஆளக் கொன்னிட்டு சொல்லாம ஓடுனவனுக்கு 10 வருசம் வரைண்ணு எழுதுனாவ. 2024 சனவரியில வடக்க லாரிக்காரனுவ வண்டிய நிறுத்திப் பெகளம் வச்சதுல, அந்த ஒரு பிரிவ நடப்பில கொண்டு வராம நிறுத்தி வச்சாவ. ஓடாம நின்னாலும் அசிரத்தையா ஓட்டிக் கொன்னா, பண்டு 2 வருசம் வரைண்ணு இருந்தது இப்பம் 5 வருசம் வரை. பைய தின்னா பனயும் தின்னலாம்ணு நம்மாளுவ சொல்லுவாவ. நீ பனயக் கண்டா தின்ன மாட்டே, போயி முட்டுவே, அதனாலதான் இம்புட்டும் விரிச்சுச் சொல்லுகேன்.

எழும்பாத, இன்னும் ஒண்ணு உண்டு. நாளைக்கி காலத்த ஏழு மணிக்கு ஒரு மொதலாளிய நீ போயி காணணும். ஓட்டு வியாபாரம், மூணு குட்டி யானயும் ரெண்டு லாரியும். எனக்க பழைய பழக்கம். நேத்தே அங்க போயி ஒனக்க காரியம் ஒக்க சொல்லியாச்சு. ஆமா, விழுந்ததும் சொன்னேன். நாலு தடவ விழுந்தவண்ணு சொன்னேன்.

என்னலே துள்ளுகே? மூணுதான்ணு எனக்குத் தெரியாதா? மூணுண்ணு நான் சொல்லியிருந்தா நீ போயி ரெண்டுண்ணு சொல்லுவே, அந்த ரெண்டயும் நாய் தலையில வைப்பே. இப்பம் நாலுண்ணு கேட்டா ஒனக்கு ரோசம் வரும். "இல்ல மொதலாளி, மூணுதான், மூணுக்கும் நான்தான் காரணம்"ண்ணு நீயா சொல்லுவே. கிழவன் கூட்டிச் சொன்னத இவன் கொறச்சு நேராச் சொன்னான், யோக்கியன்ணு அவன் சாவியக் கையில தருவான்.

பஸ்ஸுல போ. பைக்கு இஞ்ச நிக்கட்டும். அதுக்க சாவிய அந்த வெத்தலப்பெட்டிக்க மேல வச்சிட்டு எழும்பு.